கூடைப்பந்தும் கூண்டேறிய சாட்சிகளும்

இருவர் ஒரே விடயத்தைப் பற்றி மாறுபடச் சாட்சி சொல்லின், அவருள் ஒருவர் பொய்யராதல் வேண்டும் என்பது பொதுமக்கள் எண்ணம். நீதிமன்றங்களிற் பழகியோர் அங்ஙனம் விரைந்து முடிவு கட்டுவதில்லை. ஒருவர் கண்டதையும் மற்றவர் கேட்டதையும் சொல்லியிருத்தல் கூடும். ஒருவர் தம் பங்கை மட்டும் மறைத்து ஏனையவற்றை ஒளியாது உரைத்திருத்தலும் கூடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 2017ஆம் ஆண்டில் வெளிப்பட்ட பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட இலஞ்ச வழக்குகள் இதனை ஆராய்வார்க்கு நல்லதொரு களமாகும். பணம் கைமாறியதா என்பது பற்றி அங்கே வாதம் மிகச் சிறிது. கொடுத்தவர் கொடுத்தோம் என்றார். வாங்கியவர் வாங்கினோம் என்றார். அதனை அறிந்திருந்தவர் யாவர், அதனால் ஏமாற்றப்பட்டவர் யாவர் என்னும் வினாக்களிலேதான் சாட்சிகள் பிரிந்து நின்றனர்.

வழக்கினுள் நுழையுமுன் அந்நாட்டு விளையாட்டின் அமைப்பைச் சிறிது கூறுதல் வேண்டும். கல்லூரி விளையாட்டு என்றதும் எம்மவர் மாலை வேளையில் மைதானத்திற் பந்தடிப்பதையும், ஆண்டிறுதியிற் பரிசுக் கிண்ணம் பெற்று மகிழ்வதையுமே நினைப்பர். அமெரிக்கப் பெரும் பல்கலைக்கழகங்களிலே கூடைப்பந்தாட்டம் பல இலட்சம் பேர் தொலைக்காட்சியிற் காணும் பெருவாணிகம். சப்பாத்தும் சட்டையும் செய்யும் கொம்பனிகள், தம் சின்னத்தை ஆட்டக்காரர் அணிவதற்காகப் பல்கலைக்கழகங்களோடு நெடுங்கால உடன்படிக்கை செய்துகொள்கின்றன. 2017 ஓகஸ்ற் மாதத்தில் அடிடாஸ் கொம்பனி கென்ரக்கி மாநிலத்து லூயிவில் பல்கலைக்கழகத்துக்கு அறிவித்த பத்தாண்டு உடன்படிக்கையின் பெறுமதி 160 மில்லியன் டொலர். இத்தனை பணத்துக்கும் நடுவே, பந்தை எறியும் மாணவன் மட்டும் அக்காலத்து விதிப்படி உபகாரச் சம்பளத்துக்கு மேற் சல்லிக்காசும் பெறலாகாது. என்.சி.ஏ.ஏ. என வழங்கும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதித்த விதி அது. இன்னொரு விதியும் கருதத்தக்கது. தொழில்முறை ஆட்டக் கழகங்களின் கூட்டாகிய என்.பி.ஏ., உயர்பாடசாலையை விட்டு ஓராண்டேனும் கழியாத அமெரிக்க இளைஞரை 2006 முதல் சேர்ப்பதில்லை. ஆகவே, நாளை கோடீசுவரனாகக்கூடிய பையன் இன்று ஓராண்டை மட்டும் பல்கலைக்கழகத்திற் கழிக்க வருகின்றான். அவன் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போவான், எவருடைய சப்பாத்தை அணிவான் என்பதிலே பிறந்தது போட்டி.

2017 செப்ரெம்பர் 26ஆம் திகதி நியூ யோர்க் தென்மாவட்ட அரச வழக்குத்தொடுநரும் எப்.பி.ஐ. பொலிசாரும் பத்துப் பேர்மீது குற்றஞ் சாட்டினர். அவருள் நால்வர் துணைப் பயிற்றுநர்: ஓபேண் பல்கலைக்கழகத்துச் சக் பேர்சன், ஒக்லகோமா மாநிலப் பல்கலைக்கழகத்து லமொன்ற் எவன்ஸ், அரிசோனாவின் இமானுவேல் றிச்சட்சன், தென் கலிபோர்ணியாவின் ரோனி பிளாண்ட். அடிடாஸ் கொம்பனியிற் பெரும் பதவி வகித்த ஜேம்ஸ் கற்றோ, அதனோடு தொடர்புடைய மேர்ல் கோட், ஆட்டக்காரரின் முகவராக எழுச்சிபெற விரும்பிய இளைஞர் கிறிஸ்தியன் டோக்கின்ஸ் என்போர் ஏனையவருட் குறிப்பிடத்தக்கவர். இவ்வளவும் தொடங்கியது பிளேசர் என்னும் நிதி ஆலோசகர் ஒருவரால். தம்மை நம்பிய விளையாட்டுவீரரின் பணத்தைத் தாமே கையாடி அகப்பட்டுக்கொண்ட அவர், தண்டனை குறையும் என்ற எண்ணத்தால் அரசுக்கு ஒற்றரானார். வழக்கின் முதற் செங்கல்லே ஒரு மோசடிக்காரர் கையாலே வைக்கப்பட்டது என்பதை வாசகர் மனத்திற் கொள்க.

குற்றச்சாட்டு இரு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளையில், கொம்பனிப் பணம் ஆட்டக்காரரின் குடும்பத்துக்குப் போயிற்று. பையன் அடிடாஸ் அணியும் பல்கலைக்கழகத்திற் சேர்வான் என்பது பேரம். மற்றைக் கிளையில், ஆலோசகரின் பணம் துணைப் பயிற்றுநருக்குப் போயிற்று; பையன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும்பொழுது அவனை இந்த ஆலோசகரிடம் ஆற்றுப்படுத்துவது பேரம். இரண்டாவது இலஞ்சம் என்பது எவருக்கும் விளங்கும். முதலாவது எவ்வாறு குற்றமாயிற்று? ஒரு தந்தைக்குப் பணங் கொடுத்தல் சங்கத்தின் விதியை மீறுவதாகலாம். நாட்டின் சட்டத்தை மீறுவதாகாதே! அரசுத் தரப்பு இதற்குச் சொன்ன விடை சாதுரியமானது. பணம் வாங்கிய குடும்பத்துப் பையன் ஆடுந் தகுதியை இழந்தவன். அத்தகுதியின்மையை மறைத்து அவனுக்கு உபகாரச் சம்பளம் பெற்றமையால் ஏமாற்றப்பட்டது பல்கலைக்கழகம். ஆகவே இது மோசடி. இவ்விடையின்படி லூயிவிலும் கன்சாசும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் வழக்கிலே நட்டமடைந்தோராக எழுந்து நின்றன.

முதல் வழக்கு 2018 ஒக்ரோபரில் நீதிபதி லூயிஸ் கப்லன் முன்னிலையில் யூரர் பன்னிருவரோடு நடந்தது. அங்கே பெரும்பாலார் மனத்திற் பதிந்த சாட்சி, லூயிவிலிற் சேர்ந்த மாணவன் ஒருவனின் தந்தை. மகன் அப்பல்கலைக்கழகத்தைத் தெரிவதற்காக 100,000 டொலர் பேசப்பட்டது என்றார் அவர். நியூ ஜேர்சியில் ஒரு வாகனத் தரிப்பிடத்திலே, முனிஷ் சூட் என்னும் நிதி ஆலோசகரிடமிருந்து ஏறக்குறைய 19,500 டொலரைக் கையிற் பெற்றமையை ஒப்புக்கொண்டார். மிகுதிப் பணம் வருமுன்னரே கைதுகள் நிகழ்ந்துவிட்டன. மகனுக்கு இது தெரியாது என்று உறுதியாகச் சொன்னார். மகன் இப்பொழுது எங்கே இருக்கின்றான் என்று வினவப்பட்டபொழுது கூண்டிலேயே கண்ணீர் விட்டார். அம்மகன் லூயிவிலுக்காக ஓர் ஆட்டமேனும் ஆடாது, அவுஸ்திரேலியாவில் ஒரு தொழில்முறைக் கழகத்திற் சேர்ந்திருந்தான்.

இச்சாட்சியத்தை ஆராய்வோர் அதனை இரு கூறாகப் பிரித்துக் காணல் வேண்டும். வாகனத் தரிப்பிடத்திற் பெற்ற பணம் அவர் தம் கையாற் பெற்றது. கொடுத்த சூட் என்பவரும் அதற்குச் சாட்சி. லூயிவிற் துணைப் பயிற்றுநர் ஒருவர் வீட்டு வாடகைக்கென 1,300 டொலர் கொடுத்தார் என்றதும் தம் அநுபவமாகவே சொன்னது. ஆயின் வேறு பல்கலைக்கழகங்கள் தம் மகனுக்காக என்னென்ன கொடுக்க முன்வந்தன என்றும் அவர் விரித்தார். ஓரிடத்தில் 150,000 டொலரும் வீடு வாங்க உதவியும், இன்னோரிடத்தில் 100,000 டொலரும் ஓர் உத்தியோகமும், மற்றோரிடத்தில் 50,000 டொலர் என்று பட்டியல் நீண்டது. அடுத்த நாட் பத்திரிகைகளிற் பெரிய எழுத்திலே வந்தவை இத்தொகைகளே. அவற்றைத் தந்தை பயிற்றுநர் எவர் வாயிலாகவும் கேட்டவரல்லர். டோக்கின்ஸ் வந்து சொல்லக் கேட்டவர். டோக்கின்ஸ் எதிரியாதலால் அவர் சொன்னதை மன்றில் எடுத்துரைக்க விதி இடந்தரும். ஆயினும் தரகர் ஒருவர் பேரத்தை உயர்த்துவதற்குச் சொன்ன தொகை, மெய்யாகவே எவரும் கொடுக்க முன்வந்த தொகையா என்பது முற்றும் வேறு வினா. சந்தையில் மாடு வாங்கப் போனவர் யாவரும் இவ்வேற்றுமையை அறிவர்.

அடுத்து வந்த கஸ்னோலா என்பவரின் சாட்சியம் இன்னுஞ் சிக்கலானது. அடிடாசின் ஆலோசகராகப் பணிபுரிந்த அவர், தம் குற்றத்தை ஏற்று அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவர். கன்சாஸ் மாணவன் ஒருவனின் தாயாருக்கு ஏறக்குறைய 90,000 டொலரும், இன்னொரு மாணவனின் பாதுகாவலருக்கு 2,500 டொலரும் கொடுத்ததாகக் கூறினார். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆட்டக்காரனின் குடும்பத்துக்கென 40,000 டொலரைத் துணைப் பயிற்றுநர் கையிற் சேர்த்ததாகவும் கூறினார். கன்சாஸ் தலைமைப் பயிற்றுநர் பில் செல்பிடம் இவற்றைச் சொன்னீரா என்ற வினாவுக்கு, இல்லை, மறைத்தேன் என்றே விடையிறுத்தார். செல்பும் தாம் எதுவும் அறியேன் என்பவரே. ஆனால் இருவருக்குமிடையே தொலைபேசியிற் சென்ற குறுஞ்செய்திகளை எதிரிகளின் சட்டத்தரணிகள் யூரர்முன் வைத்தனர். கொம்பனியோடு தமக்குள்ள உறவையும், பெரிய ஆட்டக்காரர் வேண்டும் என்பதையும் பற்றி நண்பரிருவர் பேசுவன போன்றவை அவை. பணம் என்ற சொல் அவற்றில் இல்லை. ஒருவர் அவற்றிற் குற்றத்தைக் காண்பார். மற்றவர் விளையாட்டுப் பேச்சைக் காண்பார்.

குற்றத்தில் உடந்தையாயிருந்தவன் சாட்சியை எவ்வளவு நம்பலாம்? எமது பழைய மாணவருட் சட்டத்தரணிகளாயிருப்போர் 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தை உடனே நினைவு கூர்வர். அதன் 133ஆம் பிரிவு, உடந்தையாளியும் தக்க சாட்சியே, வேறு ஆதாரமின்றி அவன் சாட்சியத்தின்மீது குற்றத்தீர்ப்பளித்தாலும் அது சட்டவிரோதமாகாது என்கின்றது. அதே சட்டத்தின் 114ஆம் பிரிவிலுள்ள விளக்கமோ, முக்கிய விவரங்களிற் பிற ஆதாரத்தால் உறுதிப்படாத உடந்தையாளியை நம்பத்தகாதவனென ஊகிக்கலாம் என்கின்றது. ஒரே நூல் ஒரு கையாற் கொடுத்து மறு கையால் வாங்குவது போலத் தோன்றும். உண்மையில் அநுபவம் கற்பித்த நடுவழி அது. அமெரிக்க நடுவரசு மன்றங்களும் ஏறக்குறைய இவ்வழியே செல்வன. உடந்தையாளியின் சொல்லை மிகுந்த கவனத்தோடு ஆராய்க என்று நீதிபதி யூரருக்கு அறிவுறுத்துவார். கஸ்னோலாவின் கூற்றுக்குத் துணைநின்றவை கொம்பனிக்கு அனுப்பிய பொய்ப் பற்றுச்சீட்டுகள், வங்கிக் கணக்குகள், ஒட்டுக்கேட்ட தொலைபேசி ஒலிப்பதிவுகள் ஆகியன. சிறுவர் அணிகளின் போட்டிச் செலவு என்று எழுதப்பட்ட சீட்டின்மேற் பணம் வெளியேறி, வேறு கைக்குச் சென்றிருந்தது. ஆகவே பணம் பற்றி அவர் சொன்னது காகிதத்தாலும் உறுதியாயிற்று. தலைமைப் பயிற்றுநரிடம் மறைத்தேன் என்று அவர் சொன்னதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ எந்தக் காகிதத்தால் இயலும்? சொல்லாத ஒன்றுக்குப் பற்றுச்சீட்டு இல்லை.

எதிரிகளின் வாதம் இவ்விடத்தையே குறிவைத்தது. பணங் கொடுத்ததை அவர்கள் மறுக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு நட்டம் விளைக்கும் எண்ணம் எமக்கு இருந்ததில்லை. நல்ல ஆட்டக்காரனைக் கொணர்ந்து நன்மையே செய்தோம். பயிற்றுநர்களும் அதனையே விரும்பினர் என்றனர். இதற்கு ஆதாரமாகச் சில தொலைபேசிப் பதிவுகளைக் கேட்பிக்க முயன்றனர். அவற்றுள் ஒன்றிற் கன்சாஸ் துணைப் பயிற்றுநர் ஒருவர், ஓர் ஆட்டக்காரனின் குடும்பத்தார் கேட்பனவற்றை எவ்வாறேனும் நிறைவேற்ற வேண்டியதுதான் என்ற கருத்துப்படப் பேசியிருந்தார். யூரர் இல்லாத வேளையில் அது மன்றில் வாசிக்கப்பட்டது. நீதிபதி அதனை யூரர் கேட்க அனுமதிக்கவில்லை. எதிரிகள் மூவரின் எண்ணத்தோடு அதற்குப் போதிய தொடர்பில்லை என்பது அவர் நிலை. யூரர் தாம் கேட்டவற்றைக் கொண்டு ஒக்ரோபர் 24ஆம் திகதி மூவரையும் குற்றவாளிகளெனக் கண்டனர். அங்கே பன்னிருவரும் ஒருமித்தல் வேண்டும். எமது மேல் நீதிமன்றத்தில் எழுவருள் ஐவர் ஒருமித்தாற் போதும். 2019 மார்ச்சில் கற்றோவுக்கு 9 மாதமும், கோட், டோக்கின்ஸ் இருவருக்கும் 6 மாதமும் சிறை விதிக்கப்பட்டது.

ஒதுக்கப்பட்ட பதிவுகள் பற்றிய கேள்வி மேன்முறையீட்டிலும் எழுந்தது. 2021 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிபதிகள் தீர்ப்பை நிலைநிறுத்தினர். பயிற்றுநர் ஒருவர் விதிமீறலை விரும்பியிருந்தாலும், அவர் விருப்பம் பல்கலைக்கழகத்தின் சம்மதமாகாது என்பது அவர்கள் கொண்ட கொள்கை. அவருள் ஒருவராகிய நீதிபதி லிஞ்ச் மட்டும் பகுதியளவில் வேறுபட்டார். அப்பதிவுகளுட் சில எதிரிகளின் உள்ளக்கிடக்கையை அறியத் துணைபுரியக்கூடியன. அவற்றை யூரர் கேட்டிருத்தல் வேண்டும் என்றார். எம்மைக் கேட்பின் லிஞ்ச் சொன்னதிலே நியாயம் மிகுதி. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதே வழக்கின் உயிராயிருக்க, எதிர்த் தரப்பார் என்ன விரும்பினர் என்று எதிரிகள் நம்பியதைக் காட்டும் பேச்சை ஒதுக்கினால், யூரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டே பார்க்க நேரும்.

இரண்டாவது வழக்கு 2019 ஏப்பிரல், மே மாதங்களில் நீதிபதி றாமோஸ் முன்னிலையில் நடந்தது. துணைப் பயிற்றுநர் நால்வரும் அதற்கு முன்னரே குற்றத்தை ஏற்றுவிட்டனர். கோட், டோக்கின்ஸ் இருவரே எதிரிகள். லாஸ் வெகாஸ் விடுதி அறையிற் பயிற்றுநர்கள் பணமுள்ள உறைகளைப் பெறும் காட்சிகள் யூரருக்குக் காட்டப்பட்டன. கண்முன்னே நிகழ்வது போன்ற அக்காட்சிக்கு மறுப்பு ஏது என்று தோன்றும். டோக்கின்ஸ் கூண்டேறித் தாமே விளக்கம் சொன்னார். பயிற்றுநருக்குப் பணங் கொடுப்பதாற் பயனில்லை, அவரால் ஆட்டக்காரரைத் தம்பக்கம் கொணர இயலாது, ஆட்டக்காரருக்கே கொடுத்தல் வேண்டும் என்று தாம் மன்றாடியதாகவும், முதலீட்டாளராக வந்தவர் பிடிவாதம் பிடித்தமையால் அவர் பணத்தை இழக்க மனமின்றி அவர் விருப்பப்படி நடந்ததாகவும் அவர் கூறினார். அந்த முதலீட்டாளர் மாறுவேடம் பூண்ட எப்.பி.ஐ. அலுவலர். டோக்கின்ஸ் அவரிடம் இவ்வாறு வாதாடியது ஒலிப்பதிவிலும் இருந்தது. அவ்வலுவலரோ சாட்சிக்கு அழைக்கப்படவேயில்லை. புலனாய்வுக் காலத்தில் அரசுப் பணத்தைச் செலவிட்ட விதம் பற்றி அவரே விசாரணைக்கு உள்ளாகியிருந்தார். பிற்காலத்தில் இப்புலனாய்விற் பணியாற்றிய எப்.பி.ஐ. அலுவலர் ஒருவர், லாஸ் வெகாஸில் 13,500 டொலர் அரசுப் பணத்தைச் சூதாடியதாக மன்றிற் குற்றத்தை ஏற்றார். இலஞ்சம் பிடிக்கப் போனவர் கதை இது!

மே 8ஆம் திகதி வந்த தீர்ப்பு கலவையானது. இலஞ்சச் சதிக் குற்றத்தில் இருவரும், இலஞ்சக் குற்றத்தில் டோக்கின்சும் குற்றவாளிகள். ஏனைய குற்றச்சாட்டுகளினின்றும் இருவரும் விடுவிக்கப்பட்டனர். யூரர் டோக்கின்சை முற்றாக நம்பவுமில்லை, முற்றாகத் தள்ளவுமில்லை என்பது இதனாற் புலனாகும்.

தலைமைப் பயிற்றுநர் பற்றிய பேச்சு இவ்வழக்கிலும் மிதந்தது. அரிசோனாவின் தலைமைப் பயிற்றுநர் ஷோன் மில்லர் ஓர் ஆட்டக்காரனுக்கு மாதந்தோறும் 10,000 டொலர் கொடுக்கின்றார் என்று றிச்சட்சன் சொல்லும் ஒலிப்பதிவு மன்றிற் கேட்கப்பட்டது. மில்லர் தாம் எவருக்கும் எதுவும் கொடுத்ததில்லை என்று முன்னரே வெளிப்படையாக மறுத்திருந்தார். றிச்சட்சன் பேசியது தம்மைப் பெரிதாகக் காட்டும் தரகுப் பேச்சா, கண்ட உண்மையா? அறிய வழி இருவரையும் கூண்டேற்றிக் குறுக்கு விசாரணை செய்தலே. தலைமைப் பயிற்றுநரை அழைக்க எதிரிகள் கேட்டபொழுது, வழக்குக்கு அது வேண்டற்பாலதன்று என நீதிபதி விடுத்துவிட்டார். இவ்வாறு, நாடு முழுதும் வினவிய வினா வழக்கினுள் வினவப்படாமலே போயிற்று. சிறை சென்றோர் பட்டியல் குறுகியது. 20,000 டொலர் பெற்ற றிச்சட்சனும் எவன்சும் மூன்று மூன்று மாதம் சிறையிருந்தனர். 4,100 டொலர் பெற்ற பிளாண்டும், பெருந்தொகை பெற்ற பேர்சனும் நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பினர். நால்வரும் கறுப்பினத்தவர் என்பதும், தலைமைப் பயிற்றுநர் ஒருவரேனும் நீதிமன்றத்திற் குற்றஞ் சாட்டப்படவில்லை என்பதும் அந்நாட்டிற் பலராற் கசப்போடு சுட்டப்பட்டன.

இனி வருவது இக்கதையின் விசித்திரமான பகுதி. 2018இல் என்.சி.ஏ.ஏ. தன் விதியைத் திருத்தி, நீதிமன்றத்தில் நிறுவப்பட்டவற்றைத் தன் விசாரணையிலும் ஏற்கலாம் என்று செய்துகொண்டது. 2019 செப்ரெம்பரில் அச்சங்கம் கன்சாஸ்மீது குற்றப்பத்திரம் விடுத்தது. அதற்கு அடிப்படை, கஸ்னோலாவின் அதே சாட்சியம். நீதிமன்றத்தில் அச்சாட்சியம் கன்சாசை ஏமாற்றப்பட்ட நிறுவனமாக்கியது. சங்கத்தின் முன்னிலையில் அதே சாட்சியம் கன்சாசைப் பொறுப்பாளியாக்கியது. அடிடாஸ் ஆட்கள் பல்கலைக்கழகத்தின் நலம்புரிவோர், ஆகவே அவர் செய்தது பல்கலைக்கழகம் செய்ததே என்பது சங்கத்தின் வாதம். கன்சாஸ் அதனைக் கடுமையாக மறுத்தது. ஒரு சொல்லேனும் மாறாதிருக்க, மன்றம் மாறியதும் நட்டமடைந்தவர் குற்றவாளியாயினார்.

இத்தகைய வழக்குகளுக்கென அமைந்த தனி விசாரணைக் குழுக்கள் ஆண்டுகள் பல கடந்து தீர்ப்புரைத்தன. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 2021 டிசெம்பரிற் சில வெற்றிகளை இழந்தது. லூயிவிலுக்கு 2022 நவம்பரில் 5,000 டொலர் தண்டமும் இரண்டாண்டுக் கண்காணிப்பும் விதிக்கப்பட்டன. 2017 ஒக்ரோபரில் அப்பல்கலைக்கழகம் வேலைநீக்கஞ் செய்த தலைமைப் பயிற்றுநர் றிக் பிற்றினோவுக்குத் தண்டனை எதுவுமில்லை. அடுத்த மாதம் மில்லரும் தண்டனையின்றி விடப்பட்டார். றிச்சட்சனுக்குப் பத்தாண்டுத் தடை வந்தது. கன்சாஸ் 2023 ஒக்ரோபரில் 2017-18 பருவத்து 15 வெற்றிகளைப் பதிவேட்டினின்றும் இழந்தது. வருங்காலப் போட்டிகளுக்குத் தடை விதிக்கப்படவில்லை.

இதற்கிடையே விதியும் மாறிவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் விற்றுப் பணம் பெறலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே ஆட்டக்காரருக்கு நேரிற் பணம் வழங்கலாம். முதலாண்டு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 20.5 மில்லியன் டொலர். வாகனத் தரிப்பிடத்திற் கைமாறிய 19,500 டொலர் இதன்முன் எம்மாத்திரம்!

அத்தரிப்பிடத்துத் தந்தையின் மகனைப் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். தந்தை பணம் வாங்கியதை அறியாதிருந்தும் ஆடுந் தகுதியை இழந்த அவ்விளைஞன், வேறொரு பல்கலைக்கழகத்துக்கு மாறியும் இடங்கிடைக்காமல், அவுஸ்திரேலியா சென்று, பின்னர் தொழில்முறை ஆட்டத்திற் சிறிது காலம் இடம்பெற்றான். தன் கல்லூரி வாழ்வைக் கெடுத்தவர் என்று அடிடாஸ்மீதும் பிறர்மீதும் நட்டஈட்டு வழக்குத் தொடுத்தான். உபகாரச் சம்பளம் பல்கலைக்கழகத்தின் சொத்து, அதனை ஏமாற்றிப் பெற்றமை மோசடி என்பது முதல் வழக்கின் முடிபு என்பதை வாசகர் மறந்திரார். அம்மாணவன் இழந்த ஆடுந் தகுதி அவன் நாடிய சட்டத்தின்படி தொழிலுமாகாது, சொத்துமாகாது என்று கூறி, 2023 ஒக்ரோபரில் மேன்முறையீட்டு மன்றம் அவன் வழக்கைத் தள்ளிவிட்டது.